கணப்பில் இறங்கிய காற்று

வாடகை வீட்டில் யாரும் தீ மூட்டாத அந்தப் பழைய கணப்பிலிருந்து ஒரு வாரமாகக் குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு இளைப்பு வந்துவிடவே, எஸ்தர் கொத்தனார் சவரியைக் கூட்டிவந்தாள்.

அவர் புகைபோக்கிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். "குளிர்காத்த அடைக்க யாரோ துணியத் திணிச்சு வெச்சிருக்காங்கம்மா. அது சரிஞ்சுதான் காத்து வருது. முன்னாடி எந்த மகராசன் குடியிருந்தானோ" என்று சிரித்தபடி இழுத்தார்.

கரி அப்பிய பழுப்பு ஸ்வெட்டர் வந்து விழுந்தது. அதன் முழங்கையில் எஸ்தர் போட்ட பச்சை நூல் தையல் இருந்தது.

அவள் கணவன் செல்வின் காணாமல் போய் நாற்பது நாளாகிறது. அவன் கிளம்பியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொடியில் ஸ்வெட்டர் இல்லாததைப் பார்த்து, அதைப் போட்டுக்கொண்டு போனான் என்று போலீஸில் சொன்னாள். பேருந்து நிலையத் தூண்களில் ஒட்டிய நோட்டீஸிலும் அதுதான் அடையாளம். பழுப்பு ஸ்வெட்டர்காரனைப் பார்த்ததாக யாரோ சொல்லி, மூன்று ஊர்களுக்குப் போய்த் திரும்பியிருந்தாள்.

"கல்லு வெச்சுப் பூசிரட்டுமாம்மா?"

"பூசிருங்கண்ணே."

மிச்சமிருந்த நோட்டீஸ்களை எடுத்துவந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.