பந்து கழுவும் ரூல்

கடைசி ஓவர். ஊர் மைதானமே கத்திக்கொண்டிருந்தது. தர்ஷினி அடித்த பந்து மைதானத்தைத் தாண்டிக் காலனித் தெருவில் விழுந்தது. இங்கே பவுண்டரி கிடையாது, ஓடித்தான் ரன் எடுக்க வேண்டும். பந்தை எடுத்த லோகேஷ் எறியவில்லை. குழாயடிக்கு ஓடிப்போய் அதைக் கழுவினான். அதற்குள் தர்ஷினி நான்கு ரன் ஓடிவிட்டாள்.

அம்பயராக நின்ற கோதாவரி டீச்சருக்குச் சுரீர் என்றது. விசில் ஊதினாள்.

"சேறுகூட இல்லியே, ஏன்டா கழுவற?"

"அங்க விழுந்தா கழுவணும் மிஸ். ரூலு."

"யாரு வச்ச ரூலு?"

"தெரில மிஸ். எங்க நைனா ஆடறப்பவே கீதாம்."

"நான் சொல்றேன். நான் பொறந்தது அந்தத் தெருவுலதான். அப்போ எங்கள இந்த கிரவுண்டுக்குள்ள வுடமாட்டாங்க. பந்து அங்க விழுந்தா எடுத்துப் போடுவோம். நாங்க தொட்டதுன்னு கழுவுவாங்க."

தர்ஷினி பேட்டைக் கீழே போட்டாள்.

"நானும் அதே தெருதான் மிஸ். நானும் கழுவிக்கீறனே!"

கடைசிப் பந்து. ஜெயிக்க மூன்று ரன். தர்ஷினி ஓங்கி அடித்தாள். மறுபடியும் காலனித் தெரு! லோகேஷ் பாய்ந்து எடுத்தான். பழக்கத்தில் கால் குழாயடிப் பக்கம் திரும்பியது.

"கழுவாதடா! எறி!" என்று ஒரு குரல் அலறியது.

எறிந்தான். ஸ்டம்ப் பறந்தது. ரன் அவுட்!

லோகேஷின் அணி துள்ளிக் குதித்தது. அலறியது யாரென்று டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாவது ரன்னின் பாதி ஓட்டத்தில், பேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள், அவுட்டான தர்ஷினி.