காலருக்குள் நீல நூல்

"இந்த கவுனை எடுக்க நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன்னு தெரியுமா உங்களுக்கு?"

மஞ்சள் கவுனை வார்டனின் மேஜைமேல் விரித்துப் போட்டுவிட்டு, உட்காராமல் நின்றாள் அந்தத் தாய். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பைக் கோபம் விழுங்கியிருந்தது.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மாதம் ஒருமுறை மகளைப் பார்க்க வருகிறவள். இன்று வந்து பார்த்தால் மகள் சாயம் போன பழைய கவுனில் நிற்கிறாள். போன மாதம் வாங்கிக் கொடுத்த புதுக் கவுனோ, சக்கர நாற்காலியில் இருக்கும் வேறொரு பெண்ணின் உடம்பில். கழற்றச் சொல்லி, கையோடு வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டுதான் ஆபீஸ் ரூமுக்கு வந்தாள்.

அந்தப் பெண் யாரென்று கேட்டபோது எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது. அந்தச் சிறப்புக் குழந்தைகள் விடுதியில் துணி துவைக்கும் சலவையம்மாவின் மகள்.

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் தாய். "என் பொண்ணு வாயில்லாப் பிள்ளை. எதைப் போட்டுவிட்டாலும் போட்டுக்குவா. சொந்தப் பொண்ணுக்குப் புதுசு, ஊரான் பிள்ளைக்குக் கந்தல். ரொம்ப நல்லா இருக்கு நியாயம்."

வார்டன் கவுனின் காலரைப் புரட்டினார். அந்த விடுதியில் துணிகளில் பெயர் எழுதுவதில்லை. எழுதினாலும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பாதிப்பேர்கூட இல்லை. அதனால் ஆளுக்கொரு நிற நூல். காலருக்குள் நாலு தையல். தன் நிறம் இருப்பதைத்தான் ஒவ்வொரு பிள்ளையும் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். இந்தத் தாயின் மகளுக்குச் சிவப்பு. சலவையம்மாவின் மகளுக்கு நீலம்.

மஞ்சள் கவுனில் இருந்தது நீலம். மகள் போட்டிருந்த பழைய கவுனில் சிவப்பு.

கைதவறி மாறிவிட்டது என்று சொல்ல வழியே இல்லை. யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து, பழைய நூலைப் பிரித்து, மாற்றித் தைத்திருக்கிறார்கள்.

ஆள் அனுப்பியதும் சலவையம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நூல் டப்பாவோடு வந்தாள்.

"இந்த நூலை மாத்தினது யாரு?" என்று கேட்டார் வார்டன்.

சலவையம்மா டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"டப்பா உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப வேற யாரு மாத்துவாங்க?"

சலவையம்மா தாயின் பக்கத்தில் நின்ற அவள் மகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எம்மேல தப்புன்னே வச்சுக்குங்கம்மா."

"வச்சுக்கறது என்ன வச்சுக்கறது?" என்றாள் தாய். "இந்தம்மா இங்க வேலையில இருந்தா என் பொண்ணு இங்க இருக்க மாட்டா."

வார்டனுக்குத் தர்மசங்கடம். வேலை செய்பவரின் பிள்ளை என்பதால்தான் சலவையம்மாவின் மகளைச் சேர்த்ததே. அம்மாவுக்கு வேலை போனால் மகளுக்கும் இடம் போய்விடும். அதனால் சமாதானமாக ஒரு வழி சொன்னார்.

"நீலத்தைப் பிரிச்சுட்டு இப்பவே சிவப்பைத் தைங்க. இவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. இதோட விட்டுடலாம்."

"மன்னிப்புக் கேட்டுக்கறேம்மா. ஆனா பிரிக்க மட்டும் சொல்லாதீங்க. அது என்னால ஆகாது."

வார்டனுக்கே பொறுக்கவில்லை. தப்பை ஒத்துக்கொள்வாளாம், திருத்த மட்டும் மாட்டாளாம்.

"திமிரைப் பார்த்தீங்களா?" என்ற தாய், மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலைத் தானே எடுத்தாள். நாலு தையலும் நறுக் நறுக்கென்று போயின. "இப்பத் தைங்க சிவப்பை."

சலவையம்மா டப்பாவைத் திறந்தாள். அவள் எடுப்பதற்குள் இன்னொரு கை உள்ளே போனது.

தாயோடு வந்த பதினோரு வயது மகளின் கை. கவுனைத் தாயிடமிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். டப்பாவில் நூல் கோத்த ஊசிகள் நிறம் நிறமாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தன. நீலத்தை எடுத்தாள். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். விரல்கள் நடுங்கின. ஊசி வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. அவள் விடவில்லை.

ஒரு தையல் விழ ஐந்து நிமிஷம் ஆனது.

"வீட்டுல ஸ்பூன்கூட நான்தான் பிடிச்சு ஊட்டறேன்" என்றாள் தாய். "பட்டன்கூட நான்தான் போட்டுவிடறேன். இவளுக்கு ஒண்ணுமே புரியாதுன்னுதான் நான்..."

வார்டன் சலவையம்மாவிடம் திரும்பினார். "தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாம்மா? போட்டுக்கிட்டது எம்பொண்ணு. நான் தப்பிக்கறதுக்காக, பேச வராத பிள்ளை தலையில பழியைக் கட்டுறேன்னுதான் சொல்லியிருப்பீங்க. எம்பொண்ணோட நாற்காலியைத் தினமும் தள்ளிட்டுப் போறது இவதான். ரெண்டு பேரும் அவ்வளவு சிநேகம். நூல் மாறினா உடுப்பும் மாறும்னு இவளாவே கண்டுபிடிச்சிருக்கா."

தாய் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். வெட்டிப்போட்ட நீல நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள்.

"நீங்க பிரிக்க மாட்டேன்னு சொன்னீங்க. பாவி, நான் ஒரு நிமிஷத்துல பிரிச்சுப் போட்டுட்டேன்."

சலவையம்மா அவள் தோளைத் தொட்டாள்.

"நானும் உங்களை மாதிரிதாம்மா. யாரோ ஆயா தப்பாத் தைச்சுட்டாங்கன்னு ரெண்டு தடவை நானே பிரிச்சுப் போட்டேன். மூணாவது தடவைதான், யாரு தைக்கறாங்கன்னு நின்னு பார்த்தேன்."