சத்தம் வெளியே போகாத ஹெட்போன்

விலை கூடக்கூட ஹெட்போனில் பாட்டு இனிமையாகக் கேட்கும் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. இது பாரதூரமான பிழை. மானிப்பாயில் பதினாறு வருடமாக ரேடியோக் கடை வைத்திருக்கும் நாகலிங்கம், விலை கூடிய ஹெட்போன் வாங்கியவர் எவரும் பாட்டைப் பற்றிக் கதைத்துக் கேட்டதில்லை. ஹெட்போனைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

ஹெக்டர் மாஸ்ரர் இரண்டையும் பற்றிக் கதைக்கவில்லை.

"போன கிழமை வாங்கினது சரிவரேல்லை, நாகலிங்கம். இதைவிடத் திறமானது வேணும்."

"பாட்டுத் தெளிவில்லையோ, மாஸ்ரர்?"

"தெளிவு கிடக்கட்டும். சத்தம் வெளியாலை வருகுது. முழுச் சத்தத்திலை வைச்சாலும் பக்கத்திலை நிக்கிறவனுக்குக் கேக்கப்படாது."

நாகலிங்கத்தின் முகம் இறுகியது. மாஸ்ரருக்குப் பக்கத்து வீடு மாஸ்ரரின் சைவப் பெரியம்மாவின் வீடு. பெரியம்மா செத்துப் பன்னிரண்டு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அந்த ஒழுங்கையில் எந்த வீட்டு ரேடியோவும் பாடாது. பெரியப்பா ஏரம்பு இந்த விஷயங்களில் வலு கண்டிப்பு.

"நீங்கள் வேதக்காரர், சேச்சுக்குப் போறனீங்கள். உங்களுக்கு அந்தியேட்டி இல்லைத்தான். எண்டாலும் ஒரு மாதம் பாட்டில்லாமல் இருக்கேலாதோ?"

"ஏலாது," என்றார் மாஸ்ரர்.

பிறகு ஒரு ஹெட்போனை எடுத்து நாகலிங்கத்தின் தலையில் மாட்டி, சத்தத்தை முழுதாகக் கூட்டி, அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் தன் காதைக் கொண்டுவந்தார்.

"காதுக்குள்ளை நுளம்பு இரையிற மாதிரிக் கேக்குது. அடுத்ததை எடும்."

மூன்றாவது, தடித்த மெத்தை வைத்த ஜப்பான் ஹெட்போன். மாஸ்ரர் இரண்டு பக்கமும் காது கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதையே வாங்கிக்கொண்டு போனார்.

நாகலிங்கத்துக்கு மனம் ஆறவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று, அடுத்தநாள் பின்னேரம் சைக்கிளை எடுத்தார்.

மாஸ்ரர் தன் வீட்டுப் பின்பக்க அறை வாசலில் காவல்காரன் மாதிரி நின்றார். உள்ளே சாய்மனைக் கதிரையில், தலையில் ஜப்பான் ஹெட்போனுடன், கண்ணை மூடியபடி பெரியப்பா ஏரம்பு.

"இருவது வருசமா பெரியம்மாவும் இவருமா இருந்து நாலுமணிப் பாட்டுக் கேட்டதுகள்," என்றார் மாஸ்ரர் மெதுவாக. "வீட்டிலை போட்டால் சனம் என்ன சொல்லும் எண்டு பயப்பிடுறார். காதும் மந்தம். முழுச் சத்தம் வேணும்."

ஜப்பான்காரன் சத்தத்தை வெளியே விடவில்லை. ஆனால் அதை மாட்டியவருக்குத் தன் குரலும் கேட்காது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஏரம்பு பாடத் தொடங்கினார். சினிமாப் பாட்டு. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் அவரே பாடினார்.

வேலிக்கு அப்பால், செத்தவீட்டுப் பெண்களின் கதை சட்டென்று நின்றது.

மாஸ்ரர் வாயைத் திறந்து உச்சக் குரலில் ஒரு சேச்சுக் கீர்த்தனையைத் தொடங்கினார். ஏரம்புவின் தொண்டையை அமுக்க அது காணாது.

நாகலிங்கத்துக்குக் கீர்த்தனை தெரியாது. நெற்றி நிறையத் திருநீற்றுடன், மாஸ்ரரின் வாயைப் பார்த்துப் பார்த்து அவரும் உரக்கப் பாடினார்.

அந்தியேட்டி முடிந்தபின் கூடிய கோயில் சபை, நாகலிங்கம் வேதத்துக்கு மாறிவிட்டாரா என்று விசாரிக்க மூன்று பேரை நியமித்தது. அந்த மூவருக்கும் ஏரம்பு தலைவர்.