நாற்பதாவது ஆள்

அன்று இருந்தவர்கள் நான்கு பேர். மூக்குக்குள் சதை வளர்ந்து, இரண்டு வருடமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கும் திலகா. கோலா சாவாவிலிருந்து கார் ஓட்டி வந்த மகள் ரோகினி. டாக்டர் யோகேந்திரன். நான்காவது, பக்கத்து வீட்டு முனியாண்டி. அவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை, கார் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"பிரஷர் நூத்தி எண்பத்தாறு. மூணாவது தடவைம்மா!" என்றார் டாக்டர்.



"ஆபரேஷன்ல ரத்தம் கசிஞ்சா மூக்குக்குள்ள ஒண்ணும் தெரியாது. அதான் மயக்கத்துல பிரஷரை இறக்கி வைப்போம். அதுக்கு ரெண்டு மருந்து. எது நல்லதுன்னு நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். முப்பத்தொன்பது பேர் முடிஞ்சாச்சு. நீங்கதான் பாக்கி. இவ்வளவு பிரஷரோட வந்தா எந்த மருந்தையும் தொட முடியாது. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

ரோகினி பையைக் கவிழ்த்தாள். காலி அட்டைகள் ஆறு. அட்டைக்குப் பத்து.

"அறுபதும் முடிஞ்சிருச்சு டாக்டர். எல்லாம் கருவாடு! மூக்குதானே அடைச்சிருக்கு, வாய் இல்லையே."

"அப்ப இந்த மாத்திரை வேலை செய்யலை" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "வேற தர்றேன். அறுபது நாள், தினம் ஒண்ணு. அப்பவும் இறங்கலைன்னா உங்க இடம் வேற ஆளுக்குப் போயிரும். சாதாரண வரிசைன்னா ஒன்றரை வருஷம்."

வெளியே வரும்போது ரோகினி முணுமுணுத்தாள். "இதுல முனியாண்டி மாமா வேற. ஆஸ்பத்திரின்னா போதும், ஊர் சுத்தக் கிளம்பிடுறாரு."

அவள் பார்க்கிங் காசு கட்டப் போனாள்.

"ஆபரேஷன் தேதி கொடுத்துட்டாங்களாக்கா?" என்றார் முனியாண்டி.

"இல்லப்பா."

முனியாண்டி தலை குனிந்தார். "அப்ப இந்தத் தடவை எனக்கு வேணாம்லா."

"போன மாசம் செம்பனை மட்டைங்க நடுவுல பிரஷர் ஏறி மயங்கிக் கிடந்தியே, மறந்துட்டியா? நாலு புள்ளைங்க இருக்கு உனக்கு."

முனியாண்டி அந்தச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலேயே பிறந்தவர். பிறப்பை யாரும் பதியவில்லை, ஐசி என்ற அடையாள அட்டையும் இல்லை. அதனால் கிளினிக்கில் வெளிநாட்டுக்காரர் கட்டணம், அவரால் கட்ட முடியாதது.

ரோகினி திரும்பி வருவது தெரிந்தது. திலகா புது அட்டைகள் மூன்றை அவசரமாக அவர் சட்டைப் பையில் திணித்தாள். "காலி அட்டையை வழக்கம்போல என்கிட்ட கொடுத்துரு."

அறுபது நாளுக்கு அவளிடம் மீதி முப்பது மாத்திரை.