பாதியில் நின்ற கேசட்

உள்ளூரில் யார் படம் எடுத்தாலும் வங்கி மேலாளருக்கு அழைப்பு உண்டு, பேராசிரியருக்கு உண்டு, பேராசிரியரின் மச்சினருக்குக்கூட உண்டு. தரை துடைக்கிறவளுக்கு மட்டும் இருந்ததே இல்லை.

அந்த ஊரில் வீடியோ கேசட் வாடகைக்குத் தரும் கடையின் 'புது வரவு' அலமாரியில், அதே ஊர்க்காரி இயக்கிய முதல் படம் இடம்பிடித்திருந்தது. 'யார் கண்ணிலும் படாத பெண்களின் கதை' என்று அட்டையிலேயே போட்டிருந்தாள். அன்று மாலை கடையின் பின்னறையில் திரையிடல், அதன்பின் கலந்துரையாடல். நாற்காலிகளைப் பார்வையிட மதியமே வந்துவிட்டாள்.

"அக்கா, என் படம் போகுதா?"

"போகுதாவா? அலமாரியில தங்கவே மாட்டேங்குது. உன் படத்தைச் சுத்தி ஒரு கூட்டமே இருக்கு," என்றாள் கடைக்காரி. "ஆனா ஒருத்தராவது கேசட்டைச் சுத்திக் குடுக்கணுமே!"

பார்த்து முடித்ததும் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றித் தருவதுதான் அந்தக் கடையின் ஒரே சட்டம்.

இயக்குநர் ஒரு கேசட்டை எடுத்து டெக்கில் போட்டாள். படத்தின் நடுவில் நின்றிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கதாநாயகி அழுகிற இடம். இன்னொன்றைப் போட்டாள். அதே வராந்தா. மற்றொன்றிலும் அதே கண்ணீர்.

"எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி இங்கேயே தூங்கிட்டாங்க போலிருக்கே!" என்றார், புது வரவு பார்க்க வந்திருந்த ஒருவர்.

அவள் முகம் சுண்டிப்போனது.

"சாயங்காலம் எதுவும் வேண்டாம்க்கா. படத்தையும் அலமாரியிலேர்ந்து எடுத்துடுங்க. இந்த ஊருக்கு நான் படம் எடுத்ததே தப்பு."

"ஏம்மா, வீம்புக்குப் பேசாதே..."

கதவு திறந்தது. ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒரு பெண் வந்து, அதே படத்தின் இன்னொரு கேசட்டை நீட்டினாள்.

"இதுவும் பாதியில நிறுத்தினதுதானா?" இயக்குநர் பாய்ந்தாள். "பிடிக்கலேன்னா நேரா சொல்லுங்களேன்!"

"யாரு நிறுத்துனா? முழுசாப் பார்த்துட்டு, திரும்ப ஓட்டி, சரியா இந்த இடத்துல கொண்டுவந்து வச்சிருக்கோம். ஆரம்பத்துக்கே சுத்தி வச்சா, அடுத்து எடுத்துட்டுப் போறவங்க என்னைப் பார்க்க அரைப் படம் காத்திருக்கணுமே!"

"உங்களையா?"

"என்னையேதான். போட்டுப் பாருங்க."

கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நிமிர்ந்தாள். காமிராவை நேருக்கு நேர் முறைத்தாள். அந்த மூலையை இருட்டாக்கச் சொல்லித்தான் இயக்குநர் படத்தை முடித்திருந்தாள். இருட்டிலும் முறைப்பு பளிச்சென்று தெரிந்தது.

"அன்னைக்கு 'தள்ளிப் போ, தள்ளிப் போ'ன்னு கத்துனீங்க. என் வார்டு, நான் துடைச்ச தரை. நான் எதுக்குத் தள்ளிப் போகணும்? நாத்தனார் வீடு, சம்பந்தி வீடு, எதிர்வீட்டு டெய்லர்னு எல்லாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கேன்: பார்த்துட்டு என் இடத்துல நிறுத்தி வைங்கன்னு."

கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. யார் கண்ணிலும் படாத பெண்களுக்காகப் படம் எடுத்தவளின் கண்ணில், இவள் இடைஞ்சலாக மட்டுமே பட்டிருந்தாள்.

"உங்க பேரு?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"சாயங்காலம் வருவீங்களா?"

"முன்வரிசைன்னா வர்றேன். எங்க ஆளுங்களோட."

வந்தாள். முன்வரிசை முழுக்கச் சீருடை. வராந்தாக் காட்சிக்கு எழுந்த கைதட்டலில் கதாநாயகியின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. நிற்க மட்டுமே இடம் கிடைத்த இயக்குநரும் சேர்ந்து தட்டினாள்.

அதற்குப் பிறகு தரை துடைத்த அந்தப் பெண் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்தின் தலைவியானாள். அந்தக் கட்டடத்துக்குள் காமிரா கொண்டுவருகிறவர்கள் இன்று முதலில் அவளிடம்தான் அனுமதி வாங்குகிறார்கள்.