தலைக்கனம் பத்தல

ரிமோட்டில் பறக்கிற பழைய பாணி பொம்மை விமானம் அது. முதன்முதலாகப் பறக்கவிடும் முன், அதைச் செய்த அருளானந்தம் இறக்கைகளுக்கு அடியில் விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். வால் தாழ்ந்தது.

“இதுக்குத் தலைக்கனம் பத்தல,” என்று அதன் மூக்குக்குள் ஈயத்துண்டு ஒன்றை ஒட்டினார். விமானம் சமமாக நின்றது.

ஆனால் அதற்கு ஒரே குழப்பம். “காலையில மச்சானைத் தலைக்கனம் பிடிச்சவன்னு திட்டினாரே! அப்போ அது கெட்டதா, நல்லதா?” என்று ஈயத்தைக் கேட்டது.

“எனக்கென்ன தெரியும்? ஒட்டினாரு, உட்கார்ந்திருக்கேன்.”

விமானம் ஜிவ்வென்று ஏறியது. தென்னை உயரம் தாண்டியதும் குனிந்து அருளானந்தத்தைப் பார்த்தது.

“கீழே ஒரு பொடியன் என்னையே அண்ணாந்து பார்க்கிறானே, யாரு அவன்?”

“கனம் சரியாத்தான் ஏறியிருக்கு,” என்றது ஈயம்.