ஏரித் தரையில் இடமில்லை

மலைகளுக்கு நடுவே நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்தில் ஓர் ஏரி இருந்தது. ஒரு மழை வெள்ளத்தில் மணலும் களிமண்ணும் ஒன்றாக அங்கே வந்து சேர்ந்தன. கனமான மணல் உடனே தரைக்குப் போய் உட்கார்ந்தது. களிமண் வெகுநாள் மிதந்துவிட்டு மெல்ல இறங்கியது.

"இங்க இடமில்ல. வெளியூர்க்காரங்க வேற இடம் பாருங்க" என்றது மணல்.

"அண்ணே, நாம ஒரே வெள்ளத்துலதானே வந்தோம்?"

"நான் முதல்ல உட்கார்ந்துட்டேன்ல."

அப்போது பிளவு இன்னும் கொஞ்சம் விலகி, ஏரித் தரை ஒரு சாண் கீழே போய், மேலே இடம் உண்டானது. களிமண் மணல்மேல் படுத்துக்கொண்டது.

அடுத்த மழையில் புது மணல் வந்தது.

"இடமில்ல" என்றது களிமண்.

"இருந்தா விட மாட்டோமா?" என்று அதன் அடியில் நசுங்கிக் கிடந்த பழைய மணலும் கத்தியது.